விண்வெளி இம்யூனாலஜி படிக்க ஆசைப்படும் மகள்: பெற்றோர் கேட்ட கேள்விக்குப் பதில்

பிளஸ் டூ படிக்கும் மகள், விண்வெளிக்குப் போனால் நோய் எதிர்ப்புச் சக்தி ஏன் குறைகிறது என்று ஆராயப் போவதாகச் சொல்கிறாள். இதற்கு எந்தக் காலேஜ், வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், விண்வெளி இம்யூனாலஜி, அதாவது விண்வெளி நோய் எதிர்ப்பியல், என்ற பெயரில் இளநிலைப் பட்டம் தேடி அலைய வேண்டாம். பிராஸ்பெக்டஸில் 'ஸ்பேஸ் பயாலஜி' என்று அச்சடித்திருந்தாலும் மயங்காதீர்கள். செல்களை ஒவ்வொன்றாக எண்ணி வகைபிரிக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவி இருக்கிறதா, அதை மாணவர்களே இயக்குகிறார்களா, இல்லை கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்ப்பதோடு சரியா என்று கேளுங்கள். அவள் கற்க வேண்டியது இம்யூனாலஜி. விண்வெளி என்பது அந்த அறிவை வைத்துக் கேட்கும் ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

ஆனால் அது பொய்யான கேள்வி அல்ல. 1983இல் ஸ்பேஸ்லேப்-1 என்ற விண்வெளி ஆய்வகப் பயணத்தில், நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களான மனித லிம்போசைட் செல்களைத் தூண்டிப் பார்த்தபோது, அவற்றின் எதிர்வினை தரையில் இருந்ததைவிட 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. உடலில் உறங்கிக் கிடக்கும் ஹெர்பீஸ் வகை வைரஸ்கள் விண்வெளி வீரர்களின் எச்சிலில் மீண்டும் தலைகாட்டுவதும் பதிவாகியிருக்கிறது.

எல்லோரையும் மேலே அனுப்ப முடியாது என்பதால் தரையிலேயே எடையின்மையைப் போன்ற நிலையை எலிகளில் உண்டாக்கிப் பார்க்கிறார்கள். மகளின் வேலை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். சுண்டெலியின் வாலில் டேப் ஒட்டி, கூண்டின் மேல் உள்ள சுழலும் கொக்கியில் மாட்டி, உடல் சுமார் 30 டிகிரி தலைகீழ்ச் சாய்வில் இருக்கும்படி பின்னங்கால்களைத் தூக்கிவிடுவார்கள். முன்னங்கால்கள் தரையில் இருக்கும். அது நடமாடும், சாப்பிடும். டேப்பை இறுக்கிச் சுற்றினால் வாலில் ரத்த ஓட்டம் நின்றுபோகும். அதைவிடப் பெரிய சிக்கல் மன அழுத்தம். முதல் சில நாட்களில் கார்ட்டிகோஸ்டீரோன் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும். டி செல்கள் முதிரும் உறுப்பான தைமஸைச் சுருக்க அது ஒன்றே போதும். ஆகவே ஒப்பீட்டு எலியையும் அதே மாதிரிக் கூண்டில், தனியாக, வாலில் அதே டேப்போடு, தூக்காமல் வைக்க வேண்டும். அதைக் கூட்டமாக வளர்த்துவிட்டு ஒப்பிட்டால், தெரிவது எடையின்மையின் விளைவா தனிமையின் விளைவா என்று யாராலும் சொல்ல முடியாது.

கதிர்வீச்சில் இன்னொரு வில்லங்கம். ஆய்வகத்தில் எலிகளுக்குக் கோபால்ட்-60 காமாக் கதிர் கொடுப்பது எளிது. விண்வெளியில் இருப்பதோ வேகமாகப் பாயும் புரோட்டான்களும் கன அயனிகளும் (கனமான தனிமங்களின் அணுக்கருக்கள்). அதற்காகவே நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவனில் நாசாவின் ஆய்வகம் 2003 முதல் இயங்குகிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரு நாளைக்கு அரை முதல் ஒரு மில்லிசீவர்ட்தான் படும். ஆய்வகத்திலோ 1, 2 கிரே அளவைச் (காமாக் கதிரில் 1 கிரே என்பது சுமார் 1,000 மில்லிசீவர்ட்) சில நிமிடங்களில் கொடுத்துவிடுகிறார்கள். இந்த வித்தியாசத்தை மறந்து எழுதிய கட்டுரைகளும் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், வால் தூக்கலையும் சூரியப் புயல் போன்ற கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்த எலிகள் பாக்டீரியாவை உடலிலிருந்து அகற்றத் திணறின. இரண்டும் சேரும்போது என்ன ஆகிறது என்பதுதான் இந்தத் துறையின் சுவாரஸ்யமே.

அன்றாட வேலை எப்படி? மண்ணீரலை 70 மைக்ரான் வலையில் தேய்த்துத் தனிச் செல்களாக்கி, சிவப்பணுக்களைக் கரைத்து, குறிப்பிட்ட வகைச் செல்லில் ஒட்டும் ஆன்டிபாடிச் சாயம் ஏற்றி எண்ண வேண்டும். கரைசலில் கூடுதல் நேரம் விட்டால் வேண்டிய லிம்போசைட்டும் செத்துப்போகும். இறந்த செல் சாயத்தைச் சும்மா உறிஞ்சிக்கொண்டு பொய்க் கணக்கு காட்டும். லிம்போசைட்டில் பி செல், டி செல் என இரு முக்கிய வகைகள் உண்டு; கதிர்வீச்சுக்குப் பின் பி செல்கள் அதிகமாகச் சாகும். சதவீதத்தை மட்டும் பார்த்தால் டி செல்கள் கூடிவிட்டதுபோல் தெரியும், மொத்த எண்ணிக்கையில் அவையும் குறைந்திருக்கும். இந்த நுணுக்கம் பிடித்திருந்தால் அவளுக்கு இது சரிப்படும். விலங்குகளைக் கொல்ல வேண்டியிருக்கும் என்பதையும் இப்போதே வீட்டில் மனம்விட்டுப் பேசிவிடுங்கள். அது முடியாது என்றால் செல் வளர்ப்பு, தரவுப் பகுப்பாய்வு என்ற வழிகள் இருக்கின்றன.

படிப்புக்கு ஐசர் எனப்படும் மத்திய அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்-எம்.எஸ். (இளநிலையும் முதுநிலையும் சேர்ந்தது) நல்ல வழி. அதற்கான ஐஏடி நுழைவுத் தேர்வில் 60 கேள்விகள். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் ஒவ்வொன்றிலும் 15. பிளஸ் டூவில் கணிதம் எடுக்காதவர்கள் சறுக்குவது அந்தக் கடைசி 15இல். இல்லையென்றால் பி.எஸ்சி. விலங்கியலோ பயோடெக்னாலஜியோ முடித்து, ஜிஏடி-பி என்ற பயோடெக்னாலஜி நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி. சேரலாம். பிறகு சிஎஸ்ஐஆர்-நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. பிஎச்.டி.க்குக் கதிர்வீச்சு உயிரியல் என்றால் மும்பையில் பார்க் (பாபா அணு ஆராய்ச்சி மையம்), டெல்லியில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான டிஆர்டிஓவின் இன்மாஸ் ஆய்வகம் பக்கம் பாருங்கள்.

வேலை விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். நாசாவில் நிரந்தர அரசுப் பணிக்கு அமெரிக்கக் குடியுரிமை தேவை, பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்கு மட்டும் வெளிநாட்டவர் விண்ணப்பிக்கலாம். இங்கே மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டம் சார்ந்த உயிரியல் இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆனால் இதே கைத்திறனை தடுப்பூசி நிறுவனங்களும் புற்றுநோய் ஆய்வகங்களும் மருந்துச் சோதனை நிறுவனங்களும் கேட்கின்றன. ஆகவே விண்வெளிக் கதவு திறக்காவிட்டாலும் படிப்பு வீணாகாது.

பரீட்சை முடிந்த விடுமுறையில் கோச்சிங் தவிர வேறு செய்ய ஆசைப்பட்டால், விண்வெளி உயிரியல் சோதனைகளின் மரபணுத் தரவுகளைத் திரட்டி வைத்திருக்கும் நாசாவின் ஜீன்லேப் தரவுகள் இலவசம். புள்ளியியலுக்கான 'ஆர்' என்ற கணினி மொழியின் அடிப்படையைக் கற்றுக்கொண்டு, ஒரு எலி மண்ணீரல் தரவை எடுத்து, ஒப்பீட்டுக் குழுவை எப்படி வைத்தார்கள் என்று முதலில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.