பெயரில்லாத பதினோராயிரம் படங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் டேப்லெட்டில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. எதைத் திறந்தாலும் 'ஐஎம்ஜி_4587' என்பதுபோல ஓர் எண்தான் பெயராக இருக்கிறது. என் தாயாரின் எண்பதாவது பிறந்தநாளில் எடுத்த படத்தைத் தேடி ஒரு மாலைப் பொழுது முழுவதையும் செலவிட்டும் அது கிடைக்கவில்லை. இத்தனை படங்களுக்கும் இனிமேல் பெயர் வைப்பது நடக்கிற காரியமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: அத்தனைக்கும் பெயர் வைக்க வேண்டியதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணம்தான் பலரையும் தொடங்கவே விடாமல் தடுக்கிறது.

இந்த எண் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் அவற்றின் குறை புரியும். டிஜிட்டல் கேமராக்கள் பரவத் தொடங்கிய காலத்தில், ஒரு நிறுவனத்தின் கேமராவில் எடுத்த படத்தை இன்னொரு நிறுவனத்தின் கருவியும் திறக்க வேண்டும் என்பதற்காக, ஜப்பானிய மின்னணுத் தொழில் சங்கம் 1998இல் டிசிஎஃப் என்ற பொது விதியை வகுத்தது. அதன்படி கோப்பின் பெயர் எட்டே எழுத்துகள்: முதல் நான்கு நிறுவனம் விரும்பியபடி, கடைசி நான்கு 0001 முதல் 9999 வரையிலான எண். எண்ணிக்கை 9999ஐத் தொட்டதும் மறுபடியும் 0001இலிருந்து தொடங்கும். ஆகவே ஒருவரிடம் ஒரே பெயரில் முற்றிலும் வேறான இரண்டு படங்கள் இருப்பது சாதாரணம். இரண்டையும் ஒரே கோப்புறையில் போடும்போது கவனக்குறைவாக 'மாற்றி எழுது' என்பதைத் தொட்டுவிட்டால், பழைய படம் போயே போய்விடும். பெயர் வைப்பதற்கான முதல் காரணம் அழகு அன்று, இந்த ஆபத்துதான்.

எப்படிப் பெயர் வைப்பது? தேதியில் தொடங்குங்கள், அதையும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். உங்கள் தாயாரின் விழாவுக்கு '2019-08-17_அம்மா-80ஆம்-பிறந்தநாள்_001' என்பது போன்ற பெயர் பொருந்தும். நாம் வழக்கமாக நாளை முதலில் எழுதுகிறோம். ஆனால் கருவி பெயர்களை இடமிருந்து வலமாக எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுத்தான் அடுக்குகிறது. நாளை முதலில் எழுதினால் எல்லா ஆண்டுகளின் முதல் தேதிப் படங்களும் ஓரிடத்தில் கூடிவிடும். மாதத்தின் பெயரைத் தமிழில் எழுதினாலும் இதே சிக்கல்தான்: அகரவரிசைப்படி அக்டோபர் முதலில் வரும், அடுத்து ஆகஸ்ட், அதற்கடுத்து ஏப்ரல், ஜனவரியோ இவற்றுக்கெல்லாம் பின்னால். ஆண்டை முன்வைத்து, மாதத்தையும் நாளையும் இரண்டிரண்டு இலக்கங்களாக எழுதினால் அகரவரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். 1988இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தர விதியும் தேதியை இந்த வரிசையில்தான் எழுதச் சொல்கிறது. கடைசியில் வரும் எண்ணையும் 1, 2 என்று எழுதாமல் 001, 002 என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் பல கருவிகள் 10ஐ 2க்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிடும்.

இனி, எந்தப் படங்களுக்கு? ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டால், உங்களுக்குப் பிறகு வருபவர்கள் தேடக்கூடிய நிகழ்வுகள் பத்தோ பதினைந்தோதான் இருக்கும். அவற்றுக்கு மட்டும் பெயர் வையுங்கள். மற்றவற்றை '2019', '2020' என்று ஆண்டுவாரியான கோப்புறைகளில் போட்டு, எண் பெயரோடே விட்டுவிடுங்கள். ஒரு நிகழ்வின் எண்பது படங்களுக்கும் தனித்தனியே தட்டச்சு செய்யவும் வேண்டாம். கணினி கைவசம் இருந்தால் படங்களை அதில் இட்டு ஒருசேரத் தேர்ந்தெடுத்து, விண்டோஸில் எஃப்2 விசையை அழுத்தி ஒரே ஒரு பெயரை எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் வந்து, பின்னால் எண்களும் தாமே சேர்ந்துகொள்ளும். அடைப்புக்குறிக்குள் வரும் அந்த எண்களுக்கு முன்னால் சுழியம் இராது. ஆனால் விண்டோஸ் எண்ணை எண்ணாகவே பார்த்து அடுக்குவதால் அங்கே வரிசை குலையாது. மேக் கணினியின் ஃபைண்டரிலும் இந்த வசதி உண்டு.

கேள்வி: ஐபேடின் புகைப்படச் செயலியில் படத்தின் பெயரை மாற்றும் வழியையே காணவில்லை. ஆல்பம் உருவாக்கினால் போதாதா?
– ஒரு வாசகி

பதில்: அந்தச் செயலிக்குள் கோப்பின் பெயரை மாற்ற இயலாது, நீங்கள் தேடியதில் பிழையில்லை. அங்கே உங்களுக்கு உதவக்கூடியவை இரண்டு. ஒன்று ஆல்பம். மற்றொன்று குறிப்புரை: படத்தைத் திறந்து, வட்டத்துக்குள் 'ஐ' எழுத்துள்ள பொத்தானைத் தொட்டால் குறிப்பு எழுத ஓர் இடம் வரும். 2020இல் வந்த ஐபேட்ஓஎஸ் 14 முதல் இந்த வசதி இருக்கிறது. அங்கே 'பெரியப்பா, அத்தை, கடற்கரை' என்று எழுதி வைத்தால், பின்னர் தேடல் பெட்டியில் 'அத்தை' என்று இட்டாலே அந்தப் படம் வந்துவிடும். அன்றாடத் தேடலுக்கு இது பெயரைவிடவும் வசதியானது என்பதே என் கருத்து.

ஆனாலும் ஆல்பம் மட்டும் போதுமா என்று கேட்டீர்கள், போதாது. ஆல்பம் என்பது அந்தச் செயலி தன் பதிவேட்டில் எழுதி வைத்துக்கொள்ளும் ஒரு பட்டியல். படம் அந்தச் செயலியை விட்டு வெளியேறும்போது, அதாவது நீங்கள் பென் டிரைவில் நகல் எடுக்கும்போதோ வேறு நிறுவனத்தின் டேப்லெட்டுக்கு மாறும்போதோ, பட்டியல் கூடவே வருவதில்லை. கோப்பின் பெயர் கூடவே வரும். அதனால் மிக முக்கியமான நிகழ்வுகளின் படங்களை மட்டும் பகிர்வுப் பொத்தான் வழியாக 'ஃபைல்ஸ்' செயலியில் சேமித்து, அங்கே அவற்றுக்குப் பெயர் வையுங்கள். பெயரின் மேல் விரலைச் சற்றே அழுத்திப் பிடித்தால் பெயரை மாற்றும் தெரிவு வரும். இப்போது அந்தப் படங்கள் இரண்டு இடங்களில் இருக்கும் என்பதையும் அவை கூடுதல் இடம் பிடிக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: ஆல்பத்தை நீக்கினால் உள்ளே இருக்கும் படங்களும் அழிந்துவிடுமா?

பதில்: ஐபேடில் அழியாது, பட்டியல் மட்டுமே மறையும். கூகுள் போட்டோஸ் ஆல்பத்திலும் அப்படியே. ஆனால் ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளின் பல கேலரி செயலிகளில் 'ஆல்பம்' என்று காட்டப்படுவது உண்மையில் ஒரு கோப்புறை. அதை நீக்கினால் உள்ளே இருக்கும் படங்களும் போய்விடும். உங்கள் செயலி எந்த வகை என்று தெரியாவிட்டால், தேவையில்லாத இரண்டு படங்களை வைத்து ஓர் ஆல்பம் உருவாக்கி, அதை நீக்கிப் பாருங்கள்.

கேள்வி: தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்து டேப்லெட்டில் ஏற்றினேன். எல்லாமே சென்ற மாதம் எடுத்த படங்கள்போல் வரிசையின் கடைசியில் போய் நிற்கின்றன. சரியான தேதியும் எனக்குத் தெரியாது. என்ன செய்வது?
– ஒரு வாசகர்

பதில்: இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். ஏனென்றால் இங்கே பெயர் வைப்பது வசதிக்காக மட்டும் அன்று. அந்த முகங்கள் யாருடையவை என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே அதை எழுதி வைக்க வேண்டும்.

கேமராவில் எடுத்த படத்துக்குள் எக்ஸிஃப் என்று அழைக்கப்படும் ஒரு தகவல் தொகுப்பு பதிந்திருக்கும். எடுத்த நாள், நேரம், கேமராவின் வகை, சில சமயம் எடுத்த இடம் ஆகியவை அதில் இருக்கும். கேலரி செயலி அதைப் படித்துத்தான் படங்களை வரிசைப்படுத்துகிறது. ஸ்கேன் செய்த படத்தைப் பொறுத்தவரை, கருவி அறிந்த ஒரே நாள் ஸ்கேன் செய்த நாள். அதனால்தான் அறுபது ஆண்டுப் பழைய படம் சென்ற மாதத்தில் வந்து நிற்கிறது. ஐபேடிலும் கூகுள் போட்டோஸிலும் படத்தின் தகவல் பகுதிக்குள் சென்று தேதியை நீங்களே திருத்தலாம். எனினும் இப்படித் திருத்திய தேதி சில செயலிகளில் அவற்றின் பதிவேட்டில் மட்டுமே நிற்கும், கோப்புக்குள் எழுதப்படாது. ஆகவே தேதியைத் திருத்தினாலும் பெயரிலும் எழுதிவிடுங்கள்.

சரியான நாள் தெரியாவிட்டால் தெரியாத இடத்தில் சுழியம் இடுங்கள். ஆண்டு மட்டும் தெரிந்தால் '1964-00-00_தாத்தா-பாட்டி-திருமணம்'. ஆண்டும் ஊகம்தான் என்றால் '1965-00-00_சுமார்_மாமா-பள்ளிச்-சீருடையில்'. 'சுமார்' என்ற அந்தச் சொல்லை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் உங்கள் ஊகத்தை அடுத்த தலைமுறை வரலாறாக எடுத்துக்கொள்ளும். அச்சுப் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் ஏதேனும் எழுதியிருந்தால், ஸ்டூடியோவின் முத்திரை இருந்தால், அந்தப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து, அதே பெயரின் இறுதியில் 'பின்புறம்' என்று சேர்த்து அருகிலேயே வையுங்கள். தேதியை உறுதிசெய்ய அது பின்னால் உதவக்கூடும்.

குழுப் படங்களில் இருப்பவர்கள் அனைவரின் பெயரும் கோப்பின் பெயருக்குள் அடங்காது. அவற்றுக்கு அதே பெயரில் ஓர் எழுத்துக் கோப்பு உருவாக்கி, 'பின்வரிசை, இடமிருந்து' என்று தொடங்கி எழுதுங்கள். முறைப் பெயர் மட்டும் எழுதுவதைத் தவிர்த்தல் நலம்: உங்களுக்குச் சித்தப்பாவாக இருப்பவர் உங்கள் மகளுக்குச் சின்னத் தாத்தா. ஆகவே இயற்பெயரோடு முறையையும் சேர்த்து எழுதுங்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவரின் பக்கத்தில் அமர்ந்து, படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டிக் கேட்டு எழுதுங்கள். அச்சுப் படத்தில் அடையாளம் தெரியாத முகம் திரையில் தெரியவரும். டேப்லெட் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவிகளில் ஒன்று இது.

கேள்வி: வாட்ஸப்பில் உறவினர்கள் அனுப்பும் படங்களின் தேதி ஏன் தவறாக இருக்கிறது?

பதில்: வாட்ஸப் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது எக்ஸிஃப் தகவலை நீக்கிவிடுகிறது, பழைய பெயரையும் மாற்றிவிடுகிறது. ஆண்ட்ராய்டில் 'ஐஎம்ஜி-20230514-டபிள்யூஏ0003' என்பதுபோல ஆங்கில எழுத்துகளில் வரும் பெயரிலுள்ள தேதி, படம் எடுத்த நாளைக் குறிப்பதன்று. அது உங்களுக்கு வந்து சேர்ந்த நாள். முக்கியமான படங்களை 'டாக்குமென்ட்' என்ற தெரிவின் வழியாக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது மூலக் கோப்பு சுருங்காமல், தன் பெயரோடும் தேதியோடும் வந்து சேரும்.

கேள்வி: கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா? ஆங்கிலத்தில்தான் வைக்க வேண்டும் என்கிறான் என் மகன்.
– ஒரு வாசகி

பதில்: தாராளமாகத் தமிழில் வைக்கலாம். இன்றைய ஆண்ட்ராய்டு, ஐபேட், விண்டோஸ், மேக் ஆகிய எல்லாமே, உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடை ஏற்கின்றன. உங்கள் மகன் சொன்னது முற்றிலும் தவறும் அன்று. மிகப் பழைய சில கருவிகள் தமிழ்ப் பெயரைக் கட்டம் கட்டமாகக் காட்டும். ஆனால் அத்தகைய கருவியிலும் பெயரின் தொடக்கத்தில் உள்ள தேதி எண்கள் அப்படியே தெரியும்.

இரண்டு செய்திகளை மட்டும் கவனியுங்கள். ஆண்ட்ராய்டு சேமிப்பகத்தில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்கிவிடும். தமிழிலோ 'க' என்பதற்கு மூன்று பைட், 'கொ' என்பதற்கு ஆறு. ஆகவே நாற்பது எழுத்துகளுக்குள் நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. அடுத்தது, சொல் ஒருமைப்பாடு. ஒரு கோப்பில் 'கல்யாணம்', இன்னொன்றில் 'திருமணம்', வேறொன்றில் 'விவாகம்' என்று எழுதினால், தேடும்போது மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். அடிக்கடி வரும் இருபது சொற்களை ஒரு தாளில் எழுதி, டேப்லெட் உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி ஆகியவற்றைப் பெயரில் தவிர்த்துவிடுங்கள். விண்டோஸ் அவற்றை ஏற்பதில்லை.

கேள்வி: டேப்லெட்டில் இடம் தீர்ந்துவிட்டது. படங்கள் கிளவுடில் (இணையவழிச் சேமிப்பகத்தில்) இருக்கின்றனவே என்று டேப்லெட்டிலிருந்து நீக்கினேன், கிளவுடிலும் காணவில்லை. திரும்பக் கிடைக்குமா?
– ஒரு வாசகர்

பதில்: உடனே பாருங்கள், கிடைக்க வாய்ப்புண்டு. ஐபேடில் நீக்கிய படங்கள் 'அண்மையில் நீக்கியவை' என்ற பகுதியில் 30 நாள் வரை இருக்கும். கூகுள் போட்டோஸில், ஏற்கெனவே பேக்கப் ஆன படங்கள் குப்பைத் தொட்டியில் 60 நாள் வரை இருக்கும். அங்கிருந்து மீட்டெடுக்கலாம்.

நேர்ந்தது இதுதான்: ஐகிளவுடும் கூகுள் போட்டோஸும் உங்கள் டேப்லெட்டையும் கிளவுடையும் ஒன்றையொன்று ஒத்திருக்கச் செய்கின்றன. ஓரிடத்தில் நீக்கினால் மற்ற இடத்திலும் நீங்கும். இடத்தை மட்டும் விடுவிக்க வேண்டுமானால், கூகுள் போட்டோஸில் 'இடத்தைக் காலியாக்கு' என்ற தெரிவையும், ஐபேடில் 'சேமிப்பகத்தை உகந்ததாக்கு' என்ற தெரிவையும் பயன்படுத்த வேண்டும். இலவச இடமும் அளவுக்குட்பட்டது: ஐகிளவுடில் 5 ஜிபி, கூகுளில் 15 ஜிபி, அதையும் ஜிமெயிலும் டிரைவும் பகிர்ந்துகொள்கின்றன.

நகல் எடுக்கப் புகைப்படத் துறையினர் பின்பற்றும் '3-2-1' என்ற முறையைப் பரிந்துரைக்கிறேன்: மொத்தம் மூன்று பிரதிகள், இருவேறு வகைச் சேமிப்பகங்களில், அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே. டேப்லெட்டில் ஒன்று, ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்பது போதும். மேலே சொன்னபடி டேப்லெட்டும் கிளவுடும் சேர்ந்தே அழியக்கூடும் என்பதால், ஹார்டு டிஸ்க்தான் இவற்றுள் உண்மையான காவல். 2019இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல் ஐபேடிலும் அதை நேரடியாக இணைக்கலாம். பழைய ஐபேடுகளுக்கு அதற்குரிய அடாப்டர் தேவைப்படும். நகல் எடுத்தபின், டிஸ்க்கிலிருந்தே நான்கைந்து படங்களைத் திறந்து பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே டேப்லெட்டில் எதையும் நீக்குங்கள்.