வேலியில் தொங்குவது காட்டுத் திராட்சைதானா?

கனடாவில் வீட்டு வேலியில் கருநீலக் கொத்துகள் தொங்குகின்றன, சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாயில் போடுமுன் ஒரு பழத்தைப் பிதுக்கி விதையைப் பாருங்கள். திராட்சையில் பேரிக்காய் வடிவில் சின்ன விதைகள், பெரும்பாலும் 2 முதல் 4 வரை இருக்கும். தட்டையாக, பிறை நிலா மாதிரி வளைந்த ஒற்றை விதை இருந்தால் அப்படியே கீழே போட்டுவிடுங்கள். அது மூன்சீட் என்ற நச்சுக்கொடி. நம் ஊர்ச் சீந்தில் கொடியின் குடும்பம்தான், ஆனால் இதன் பழம் உயிருக்கே ஆபத்து. குழந்தைகளுக்கு அவசியம் சொல்லி வையுங்கள்.

அப்புறம் கொடியைப் பாருங்கள். திராட்சைக்குப் பற்றுக்கம்பிகள் உண்டு, இலை ஓரம் ரம்பப் பல் போல இருக்கும். மூன்சீட்டுக்குப் பற்றுக்கம்பியே கிடையாது. இலை ஓரத்திலும் பல் இருக்காது. காம்பு இலையின் விளிம்பில் சேராமல் சற்று உள்ளே தள்ளி ஒட்டியிருக்கும்.

ஒரே காம்பில் ஐந்து சிற்றிலைகளும் சிவந்த பழக்காம்புகளும் இருந்தால் அது வர்ஜீனியா க்ரீப்பர் என்ற வேறொரு கொடி. அதையும் தொடாதீர்கள்.

திராட்சையும் மூன்சீட்டும் பின்னிப் பிணைந்து வளர்வதுண்டு. அதனால் ஒவ்வொரு கொத்தையும் அதன் தண்டு வரை தொடர்ந்து பார்த்துத்தான் பறிக்க வேண்டும். சிறு சந்தேகம் வந்தாலும் விட்டுவிடுங்கள்.