பிக்கப் வண்டிக்கு ஒரு பட்டை கூடப் போட்டால் ஆஃப்ரோடு ஓட்டலாமா?

கேள்வி இதுதான்: இசுசு வி-கிராஸ் வண்டி, காலியாக ஓட்டும்போது பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுகிறது, சென்னையைச் சுற்றி மண் பாதையிலும் ஆற்று மணலிலும் ஓட்ட ஆசை, பின்னால் ஒரு பட்டை (லீஃப் ஸ்பிரிங்கின் எஃகுத் தகடு) கூடப் போட்டு மூன்று இஞ்ச் ஏற்றிவிட்டால் போதுமா?

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இப்போது தூக்கிப் போடுவதைவிட இன்னும் அதிகமாகத்தான் தூக்கிப் போடும்.

வாரநாளில் ஆபீசுக்கு, சனி ஞாயிறு ஊருக்கு வெளியே, பின்னால் இரண்டு பை, ஒரு கூடாரம், தண்ணீர்க் கேன், அவ்வளவுதான் நீங்கள் ஏற்றுவீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தினமும் அரை டன் சிமெண்ட் ஏற்றுகிறவர் என்றால் கணக்கே வேறு.

பிக்கப்பின் பின்பக்கம் ஏன் குதிக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். முன்னால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகக் காயில் ஸ்பிரிங் இருக்கிறது, இன்ஜின் எடை எந்நேரமும் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் ஒரே ஆக்சில், இரண்டு பக்கமும் பட்டைக் கட்டு. நூற்றுக்கணக்கான கிலோ சரக்கை வருடக்கணக்கில் தாங்குவதற்கென்று செய்த கட்டு அது. சரக்கே இல்லாதபோது அது வளைய மறுக்கிறது, மேடு வந்தால் பட்டை வளைவதற்குப் பதில் வண்டியே எழும்புகிறது. இதில் இன்னொரு பட்டையைச் சொருகினால் விறைப்புதான் ஏறும். அதிலும் தடித்த பட்டை என்றால் கேட்கவே வேண்டாம். பட்டையின் தடிமன் இரண்டு பங்கானால் விறைப்பு எட்டு பங்காகும். அதே நீள அகலத்தில் 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 8 மில்லிமீட்டர் போட்டால், பார்க்க 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், விறைப்போ இரண்டேகால் மடங்கைத் தாண்டிவிடும். அதனால்தான் நல்ல ஆஃப்ரோடு செட்டில் மெல்லிய பட்டைகளாக நிறைய இருக்கும், தடித்த பட்டைகளாகக் கொஞ்சம் இருக்காது.

உயரம் வேண்டும் என்பது சரி, ஆனால் காட்டுப் பாதையில் வண்டியைக் காப்பாற்றுவது சக்கரம் தரையை விடாமல் இருப்பது. ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பட்டை நெகிழ்ந்து அதைக் கீழே அனுப்ப வேண்டும். விறைத்த கட்டு அனுப்பாது. சக்கரம் அந்தரத்தில் நின்று சுற்றும், இரண்டு பின்சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டிச் சுற்றவைக்கும் டிஃப் லாக் இல்லாத வண்டியில் இன்ஜின் சக்தி முழுக்க அந்தச் சுற்றுகிற சக்கரத்துக்கே போகும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்களுக்கு ஊத்துக்கோட்டை தாண்டி ஒரு மாந்தோப்பு இருக்கிறது. ஆரணியாற்றின் மணலில் இறங்கி ஏறித்தான் அங்கே போக வேண்டும், மழைக்குப் பிறகு அந்தப் பாதை முழுக்க டிராக்டர் சக்கரம் போட்ட பள்ளம். அதற்காகத்தான் வி-கிராஸ் வாங்கினேன், பழைய வண்டியாக. விற்றவர் அதை ஏற்கெனவே "ஆஃப்ரோடு" ஆக்கி வைத்திருந்தார்: பின் கட்டில் ஒரு பட்டை கூடுதல், ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு இஞ்ச் இரும்புக் கட்டை, போதாததற்கு நீளமான ஷேக்கிள் (பட்டையின் பின்முனையைச் சேஸில் தொங்கவிடும் இணைப்பு). அதை எல்லாம் மாற்ற வேண்டும் என்று சொல்லித்தான் விலையில் குறைத்து வாங்கினேன். பார்ப்பதற்கு வண்டி கம்பீரமாகத்தான் இருந்தது, தெருவில் பையன்கள் நின்று போட்டோ எடுத்தார்கள். ஓட்டினால்தான் தெரியும். கிளட்சை விட்டவுடன் பின்னால் "டக்" என்று ஒரு அடி, இருபது முப்பது வேகத்தில் அடிவயிறு அதிர்கிற மாதிரி ஒரு நடுக்கம், ஆற்றுக் கரையில் குறுக்காக ஏறும்போது இடது பின்சக்கரம் தொங்கிக்கொண்டு சும்மா சுற்றும்.

அந்த "டக்" எதனால் என்றால், கட்டை வைத்து உயர்த்தும்போது ஆக்சில் பட்டையிலிருந்து தள்ளிப் போகிறது. ஆக்சில் முறுக்கும்போது அந்தக் கட்டை நெம்புகோலாக வேலை செய்து பட்டையை எஸ் எழுத்து மாதிரி வளைக்கிறது, பிறகு விடுகிறது. அந்த நடுக்கம், இன்ஜின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் ஜாயிண்ட் ஷாஃப்டின் கோணம் மாறியதால் வருவது. நீளமான ஷேக்கிள் போட்டால் பட்டையின் பின்முனை மட்டும் இறங்கி, கிரௌன் மூக்கு, அதாவது ஆக்சிலில் அந்த ஷாஃப்ட் வந்து சேரும் முனை, திரும்பிவிடும், ஷாஃப்டின் மூட்டான யூ.ஜே. கிராஸும் அதை நடுவில் பிடிக்கும் சென்டர் பேரிங்கும் அதைத் தாங்காது. இன்னொன்று, ஷேக்கிளில் இரண்டு இஞ்ச் நீட்டினால் வண்டி உயர்வது ஒரு இஞ்ச்தான். இத்தனை தொல்லையும் அந்த ஒரு இஞ்சுக்காக.

நகருக்குள் கார் அலங்காரச் சாமான் விற்கிற ஒரு பெரிய கடையில் காட்டியபோது, விலை உயர்ந்த ஷாக் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். ஷாக் எடையைத் தாங்குவதில்லை, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான் அதன் வேலை. தப்பான பட்டைக்கு எவ்வளவு நல்ல ஷாக் போட்டாலும் சண்டைதான். அங்கிருந்து நேராக மாதவரம் பக்கம் லாரிக்குப் பட்டை வேலை செய்கிற ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் வண்டிக்கு அடியில் குனிந்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "எவ்ளோ வெயிட்டு ஏத்துறீங்க, சார்?" அதுவரை ஒருவர்கூட என்னிடம் அதைக் கேட்கவில்லை. தோராயமாகச் சொன்னேன். "தோராயம்லாம் வேணாம், எடை போட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடைக்கும் போகும் முன் எடை மேடைக்குப் போங்கள். முதலில் முழு வண்டியையும் நிறுத்தி எடை போடுங்கள், அப்புறம் பின்சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்திப் போடுங்கள். காலி வண்டியாக ஒரு தடவை, வழக்கமாக ஏற்றுகிற சாமான், ஆட்கள், முழு டேங்க் டீசலோடு இன்னொரு தடவை. ஒரு தடவை எடை போட வாங்குகிற காசு ஷாக்கில் போடுகிற ஒரு ரப்பர் புஷ் விலைகூட ஆகாது. பின் ஆக்சிலில் எப்போதும் நிற்கிற எடை எவ்வளவு, எப்போதாவது ஏறுகிற எடை எவ்வளவு என்பது கையில் சீட்டாக வந்துவிடும். ஆஸ்திரேலியாவில் ஓல்ட் மேன் இமு மாதிரியான செட்டுகள் ஒரே வண்டிக்கே மூன்று நான்கு விதமாக, நிரந்தர எடையைப் பார்த்துத்தான் விற்கிறார்கள். 300 கிலோ நிரந்தரமாக நிற்கும் என்று செய்த பட்டையைக் காலி வண்டியில் மாட்டினால், கம்பெனிப் பட்டையைவிட அதிகமாகக் குதிக்கும். காசு கொடுத்து அந்தக் குதியை வாங்க வேண்டாம்.

எங்கள் வண்டியில் எப்போதும் நிற்பது ஏறக்குறைய 150 கிலோ: தொட்டிக்கு மூடி, கருவிப்பெட்டி, தண்ணீர் டிரம். மாம்பழ நேரத்தில் மட்டும் 500 தாண்டும். அந்த நாட்களுக்காக வருடம் முழுக்க விறைப்பைத் தாங்குவதில் அர்த்தமில்லை என்று பெரியவர் சொன்னார், எனக்கும் அது சரியாகப் பட்டது. இரும்புக் கட்டையையும் நீள ஷேக்கிளையும் கூடுதல் பட்டையையும் கழற்றிப் போட்டோம். குறைந்த எடைக்கான, மெல்லிய பட்டைகள் கொண்ட ஒரு செட், ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் உயரம் தருவது, அதற்குப் பொருத்தமான நீளத்தில் ஷாக். பட்டைகளுக்கு நடுவில் முனையில் வழுக்குப் பட்டைகள் வைத்த செட் அது. துருப்பிடித்த பட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடந்தால் அந்த உரசலிலேயே விறைப்பு கூடிவிடும், சின்னக் குலுக்கலுக்குப் பட்டை அசையவே அசையாது. பட்டைக் கட்டை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட் நான்கும் புதிது. பழைய யூ போல்ட்டை மறுபடி முறுக்கக் கூடாது, அது ஏற்கெனவே இழுபட்டு நீண்டுபோனது.

பழைய பட்டையையே அடித்து வளைவு ஏற்றினால் செலவு குறையுமே என்று கேட்பீர்கள். செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பிரிங் எஃகை நன்றாகச் சூடாக்கி, எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி பதமாகச் சூடேற்றித்தான் அந்தத் துள்ளலைக் கொடுக்கிறார்கள். சுத்தியலால் மட்டும் அடித்த வளைவு கொஞ்ச நாளில் படுத்துவிடும், கேஸ் டார்ச் வைத்து வளைத்தால் அந்தப் பதமே போய், சூடுபட்ட இடத்தில் ஒருநாள் முறியும்.

இப்போது அதே ஆற்றங்கரையில் பின்சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டே ஏறுகிறது. மாம்பழப் பெட்டி ஏற்றினால் பின்பக்கம் கொஞ்சம் இறங்கும்தான், மெதுவாக ஓட்டுகிறோம். சரக்கு ரொம்ப அதிகமானால் ஒரு குட்டி யானையை வாடகைக்கு எடுத்துவிடுகிறோம்.

ஏர் பேக் வைத்தால் வேண்டும்போது காற்றடித்துக்கொள்ளலாமே என்று கீழே ஒருவர் நிச்சயம் எழுதப் போகிறார். பட்டை தன் எடையை முன்னும் பின்னுமாகச் சேஸில் இரண்டு இடத்தில் கொடுக்கிறது. ஏர் பேக் ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் குத்துகிறது. அதிக எடையோடு, பின்னால் டிரெய்லரும் கட்டிக்கொண்டு மேடுபள்ளத்தில் ஓட்டி, சேஸ் வளைந்துபோன பிக்கப்புகள் ஆஸ்திரேலியாவில் பலமுறை பேச்சுக்கு வந்திருக்கின்றன. அளவோடு பயன்படுத்துகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் எடை தெரியாதவர் கையில் அது ஆபத்து. பட்டையையே எடுத்துவிட்டுக் காயில் போடலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பட்டை ஸ்பிரிங் மட்டுமில்லை, ஆக்சில் முன்பின் போகாமல், பக்கவாட்டில் நகராமல் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். அதை எடுத்தால் அந்த வேலைக்குக் கம்பிகள் வைத்துச் சேஸில் வெல்டிங் செய்ய வேண்டும். தெருமுனை ஷெட்டில் செய்கிற வேலை இல்லை அது.

நான் மெக்கானிக் இல்லை என்று சொல்லப் போகிறவர்களுக்கு: ஆமாம், இல்லை. என் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும், வாழ்நாள் முழுக்கப் பட்டை கட்டியவர் சொன்னதையும் எழுதுகிறேன். தவறு இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள், "எங்க வண்டியில ஒண்ணும் ஆகலையே" என்பது காரணம் ஆகாது.

பிக்கப் வைத்திருப்பவர் நீங்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் மனசு ஆறவில்லை. நாங்கள் இருக்கிற அடுக்ககத்தின் சங்கத்தில், இது லோடு வண்டி, இதை உள்ளே நிறுத்தக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். வெள்ளை நம்பர் பிளேட், சொந்த உபயோகத்துக்கு வரி கட்டிய வண்டி, ஆர்.சி. புத்தகத்தைக் காட்டினேன். வண்டி 5 மீட்டருக்கு மேல் நீளம், கோடு போட்ட இடத்தைத் தாண்டி மூக்கு ஓர் அடி வெளியே வரும், அதை நான் மறுக்கவில்லை, அதற்காகவே சுவரோரம் உள்ள கடைசி இடத்தைக் கேட்டு மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தேன். பிரச்சினை நீளம் இல்லை, மண் ஒட்டிய வண்டி வாசலில் நிற்பது அவர்களுக்குக் கௌரவக் குறைவு. அந்தத் தோப்பு மாம்பழத்தைப் பெட்டி பெட்டியாக வாங்கித் தின்றவர்கள்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இதுவரை தீரவில்லை, வண்டி வெளியே வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது.

சரி, விட்ட விஷயங்கள். மணலில் சஸ்பென்ஷனைவிட முதலில் கைகொடுப்பது டயர் காற்று. 18 பி.எஸ்.ஐ. வரை இறக்குங்கள், வளைவில் வேகம் வேண்டாம், தார் ரோட்டுக்கு வந்ததும் அடித்துக்கொள்ள ஒரு சின்னக் கம்ப்ரசர் வண்டியிலேயே இருக்கட்டும். இதைச் செய்து பார்த்த பிறகும் போதவில்லை என்றால் மட்டும் பட்டைக்குச் செலவு செய்யுங்கள்.

பட்டை மாற்றினால் வண்டியை ஜாக்கி வைத்து உயர்த்தி, பின்சக்கரம் இரண்டும் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஏ.பி.எஸ். ஒயர் இழுபடுகிறதா, ஹேண்ட் பிரேக் கேபிள், ஆக்சிலின் மூச்சுக்குழாய் எல்லாம் தளர்வாக இருக்கிறதா என்று நீங்களே கையால் தொட்டுப் பாருங்கள். சில பிக்கப்புகளில் எடைக்கு ஏற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தை மாற்றுகிற ஒரு வால்வு, ஆக்சிலில் ஒரு கம்பியோடு இணைத்திருக்கும். பின்பக்கம் உயர்ந்தால் வண்டி காலி என்று அது நினைத்துக்கொண்டு பின்பிரேக்கைக் குறைத்துவிடும். உங்கள் வண்டியில் அது இருந்தால் மறுபடி செட் செய்யாமல் ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, பதிவில் உள்ளதற்கும் உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. மூன்று இஞ்ச், நான்கு இஞ்ச் என்று ஏற்றினால் விபத்து நடந்த அன்றைக்கு இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். எந்த மாற்றமானாலும் முன்கூட்டியே ஆர்.டி.ஓ.விலும் இன்சூரன்சிலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

யூ போல்ட்டை மாட்டி 500 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். பட்டைகள் உட்கார்ந்த பிறகு போல்ட் கொஞ்சம் தளரும், தளர்ந்த கட்டில், பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்தால் ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்துவிடும். பட்டறையில் மறந்துவிடுவார்கள், நீங்கள் மறக்காதீர்கள்.