அரிசி மணியை விடச் சிறிய உடல், ஆனால் படிக்க நிறைய இருக்கிறது: கலானஸ் ஃபின்மார்க்கிகஸ் – கேள்வி பதில்

வட அட்லாண்டிக்கில் வாழும் கலானஸ் ஃபின்மார்க்கிகஸ் என்ற துடுப்புக்காலி (கோப்பிபாட் எனப்படும் நுண்ணிய நீர்வாழ் ஓட்டுடலி) பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முதிர்ந்த விலங்கே 2 முதல் 4 மி.மீ. தான். ஹெர்ரிங் மீனின் குஞ்சுகளிலிருந்து வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலம் வரை இதைத் தின்று வாழ்கின்றன.

கேள்வி: அண்ணா, இது கிரில்லின் (இறால் போன்ற சிறு கடலுயிரி) குஞ்சா? படத்தில் ஒரே மாதிரி தெரிகிறது.

இல்லை தம்பி. இரண்டும் ஓட்டுடலிகள்தான், ஆனால் தூரத்து உறவு. கிரில்லுக்குக் கூட்டுக்கண் ஒரு ஜோடி உண்டு, செவுள்களும் வெளியே தெரியும். கலானஸுக்குச் செவுளே கிடையாது. கூட்டுக்கண்ணும் இல்லை, தலையின் நடுவில் மூன்று சிறு கண்புள்ளிகள் சேர்ந்த ஒற்றைக் கண் மட்டுமே.

கேள்வி: வகைப்பாட்டில் இதை எங்கே வைப்பது? பழைய பாடநூலில் மாக்ஸில்லோபோடா என்று இருக்கிறது.

அந்தப் பெயரை விட்டுவிடலாம். பொதுவான ஒரே மூதாதையிலிருந்து வராத பல குழுக்களை அதில் ஒன்றாகப் போட்டிருந்தார்கள். இப்போது துடுப்புக்காலிகளையே ஒரு வகுப்பாகக் கொள்கிறார்கள். கணுக்காலிகள் தொகுதி, ஓட்டுடலிகள், கோப்பிபோடா (துடுப்புக்காலிகள்) வகுப்பு, கலனாய்டா வரிசை, கலனிடே குடும்பம், கலானஸ் பேரினம் என்று வரும். 1770-இல் இந்த இனத்தை விவரித்தவர் நோர்வேயின் டிரான்ட்ஹைம் ஆயர் யோஹன் ஏர்ன்ஸ்ட் குன்னரஸ். அவர் வைத்த பேரினப் பெயர் மோனோகுலஸ். கலானஸ் என்ற பேரினத்தை ஆங்கிலேய விலங்கியலாளர் லீச் 1816-இல்தான் உருவாக்கினார்.

கேள்வி: உடல் பகுதிகளை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? தலை, மார்பு, வயிறு என்று எண்ணினால் கணக்கு சரியாக வருவதில்லை.

வராதுதான், ஏனென்றால் வெளியே தெரியும் பிரிவும் உள்ளே இருக்கும் கண்டக் (உடல் வளையத் துண்டுகளின்) கணக்கும் ஒன்றல்ல. உடல் எங்கே மடங்குகிறது என்று முதலில் பாருங்கள். அந்த மூட்டுக்கு முன்னால் இருப்பது அகன்ற முன்னுடல், பின்னால் இருப்பது ஒல்லியான பின்னுடல். முன்னுடலின் முன்பகுதியில் தலையோடு மார்பின் முதல் கண்டமும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்குப் பின் ஐந்து கண்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி நீந்துகால். பின்னுடலில் காலே இல்லை. நுனியில் தூவிகளோடு வால்கிளை இரண்டு.

அந்த மூட்டு வகைப்பாட்டுக்கே அடிப்படை. கலானஸ் சேர்ந்த கலனாய்டா வரிசையில், அதாவது கலனாய்டுகளில், அது ஐந்தாம் கால் கண்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. துடுப்புக்காலிகளின் வேறு வரிசைகளான சைக்ளோபாய்டுகளிலும் ஹார்பாக்டிகாய்டுகளிலும் நான்காம் ஐந்தாம் கால் கண்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. நுண்ணோக்கியில் ஒரு துடுப்புக்காலியை வைத்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கேள்வி: ஆணா பெண்ணா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பின்னுடலின் கண்டங்களை எண்ணுங்கள். பெண்ணில் நான்கு, ஆணில் ஐந்து. பெண்ணில் முதல் இரண்டு கண்டங்கள் இணைந்து இனப்பெருக்கக் கண்டமாகிவிடுகின்றன. முட்டைப் பையைத் தேடாதீர்கள், இந்த இனம் முட்டைகளை நேராக நீரில் விட்டுவிடும்.

கேள்வி: தொட வந்தாலே சட்டென்று பாய்ந்துவிடுகிறதே, அவ்வளவு வேகம் எப்படி?

ஒவ்வொரு ஜோடிக் காலையும் நடுவில் ஒரு தகடு இணைக்கிறது. அதனால் இடதும் வலதும் ஒரே நேரத்தில் அடிக்கும், படகில் இரு துடுப்பையும் சேர்த்து வலிப்பது போல. உடல் நீளத்துக்கு இருக்கும் முதல் உணர்கொம்பு நீரின் மெல்லிய அசைவையும் பிடித்துவிடும். செய்தியைக் கடத்தும் நரம்பிழைகளுக்கு மயலின் உறை (செய்தியை வேகமாகக் கடத்த உதவும் கொழுப்பு உறை) இருக்கிறது! முதுகெலும்பில்லாத உயிர்களில் இது அபூர்வம். கலனாய்டுகளிலேயே எல்லாவற்றுக்கும் இல்லை, அகார்ஷியா என்ற பேரினத்துக்குக் கிடையாது.

கேள்வி: இதற்கு இதயம் உண்டா?

உண்டு. முதுகுப்பக்கம் சிறு பை போலத் துடிக்கும். சைக்ளோபாய்டுகளுக்கு அதுவும் இல்லை.

கேள்வி: உடலுக்குள் பளபளவென்று ஒரு நீளமான குமிழ் தெரிகிறது. நோயா?

நோயில்லை, எண்ணெய்ப் பை. அதில் இருப்பது பெரும்பாலும் மெழுகு எஸ்டர்கள் என்ற கொழுப்பு வகை. முட்டையிலிருந்து ஆறு நாப்ளியஸ் (முதல் இளம் உரு) நிலைகள், ஐந்து கோப்பிபோடைட் (முதிர்ந்ததைப் போன்ற இளம் உரு) நிலைகள், அதன்பின் முதிர்ச்சி என்று தோலுரித்துத் தோலுரித்து வளர்கிறது. முதல் இரு நாப்ளியஸ் நிலைகள் உண்பதே இல்லை. ஐந்தாம் கோப்பிபோடைட் நிலையில் எண்ணெயைச் சேர்த்துக்கொண்டு, பல நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கி மாதக்கணக்கில் உறக்கநிலையில் கிடக்கும். கொழுத்த கலானஸில் அந்தப் பை முன்னுடலின் பாதிக்கும் மேல் அடைத்துக்கொண்டிருக்கும். இவ்வளவு சிறிய இரையால் ஒரு திமிங்கிலத்துக்கு வயிறு நிறைவதே இந்தக் கொழுப்பால்தான்.

கேள்வி: கலானஸ் இனங்களைப் பிரிப்பதில்தான் திணறுகிறேன். அளவை மட்டும் வைத்துச் சொல்லலாமா?

அளவை மட்டும் நம்பாதீர்கள், இதை அழுத்தியே சொல்கிறேன். கலானஸ் பேரினத்தின் மற்ற இனங்களில் ஹைபர்போரியஸ் பரவாயில்லை, உடலும் பெரிது, கடைசி மார்புக் கண்டத்தின் மூலைகளும் கூர்மையாக நீண்டிருக்கும். ஹெல்கோலாண்டிகஸ் என்ற இனத்தோடு குழப்பம் வந்தால் ஐந்தாம் காலைப் பிரித்தெடுத்து, அடிக்கண்டத்தின் உள்விளிம்பில் இருக்கும் பல்வரிசையைப் பாருங்கள். ஃபின்மார்க்கிகஸில் ஏறக்குறைய நேராக இருக்கும், ஹெல்கோலாண்டிகஸில் உள்நோக்கி வளைந்திருக்கும்.

உண்மையான சிக்கல் கிளாசியாலிஸ் என்ற இனத்தோடுதான். நெடுங்காலம் முன்னுடல் நீளத்தை அளந்து "சிறியது ஃபின்மார்க்கிகஸ், பெரியது கிளாசியாலிஸ்" என்று பிரித்துவந்தார்கள். மரபணுச் சோதனை வந்தபின், நோர்வேயின் ஃபியர்டுகளில் (செங்குத்தான கரைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல் பகுதிகள்) ஃபின்மார்க்கிகஸ் என்று பதிவான பல கிளாசியாலிஸ் என்று தெரிந்தது. இரண்டின் நீளங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. உணர்கொம்பின் சிவப்பு நிறமும் கைகொடுக்கவில்லை, இடத்துக்கு இடம் மாறுகிறது. இரண்டும் சேர்ந்து வாழும் கடலில் மாதிரி எடுத்தால், ஒரு பகுதியையாவது எத்தனாலில் போட்டு மரபணுச் சோதனைக்கு எடுத்து வையுங்கள். ஃபார்மலினில் மட்டும் போட்டுவிட்டால் அந்த வேலை மிகவும் கடினமாகிவிடும்.