இடுப்பு வலி: எப்போது பொறுக்கலாம், எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

இடுப்பு வலி பற்றி வந்த கேள்விகளில் பல, "எவ்வளவு வலித்தால் மருத்துவரிடம் போக வேண்டும்?" என்றே அமைந்திருக்கின்றன. வலியின் கடுமை இதற்கு நம்பகமான அளவுகோல் அல்ல. தசைப்பிடிப்பால் படுக்கையை விட்டு எழ முடியாமல் தவிப்பவருக்கு ஆபத்து ஏதும் இல்லாதிருக்கலாம். தாங்கிக்கொள்ளக்கூடிய மந்தமான வலியோடு உடல் எடையும் குறைந்துவருபவருக்கு உடனடியாகப் பரிசோதனை தேவைப்படலாம். வலியோடு வேறு என்ன அறிகுறி சேர்ந்து வருகிறது, வலி நாளுக்கு நாள் தணிகிறதா கூடுகிறதா, வலி வந்திருப்பவரின் வயதும் பழைய நோய்களும் என்ன என்பவற்றைக் கொண்டே முடிவெடுக்க வேண்டும். கீழுள்ள பதில்களில் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மூன்று நாள்களுக்கு முன் கனமான பெட்டி ஒன்றைத் தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிய முடியவில்லை. கால் வலியோ காய்ச்சலோ இல்லை. எத்தனை நாள் காத்திருக்கலாம்? (வயது 36)

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது தசையும் தசைநாரும் சார்ந்த சாதாரண இடுப்பு வலியாகவே தெரிகிறது. இவ்வகை வலி முதல் இரண்டு வாரங்களிலேயே கணிசமாகக் குறையத் தொடங்கும்; பெரும்பாலோருக்கு ஆறு வாரங்களுக்குள் அன்றாட வேலைகளைச் செய்யும் அளவுக்குச் சரியாகிவிடும். இரண்டு வாரம் கழிந்தும் சிறிதும் குறையவில்லை என்றாலோ, குறைந்துவந்த வலி மீண்டும் ஏறினாலோ, ஆறு வாரங்களுக்குப் பிறகும் நீடித்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

அதுவரை படுத்தே கிடக்க வேண்டாம். முதல் ஓரிரு நாள் வலி அதிகமுள்ள நேரங்களில் படுக்கலாம். அதற்கு மேல் படுக்கையில் கழிக்கும் நாள்கள் முதுகுத் தசைகளைத் தளர்த்தி, குணமாவதைத் தாமதப்படுத்தும். வலி பொறுக்கும் அளவுக்கு வீட்டுக்குள் நடப்பதும் வெந்நீர் ஒத்தடமும் போதும். பாரசிட்டமாலை மட்டும் நம்பியிருக்காதீர்கள்: ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 1,650 பேரிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வில், திடீர் இடுப்பு வலிக்கு அதைச் சாப்பிட்டவர்களும் மருந்தற்ற போலி மாத்திரையைச் சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் குணமடைந்தார்கள். ஐபுபுரோபன் போன்றவை ஓரளவு உதவும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடக் கூடாது.

கேள்வி: இடுப்பில் தொடங்கிய வலி இடது தொடையின் பின்புறம் வழியாகப் பாதம் வரை இறங்குகிறது. பாதத்தின் ஓரம் மரத்துப்போகிறது. உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்குமா என்று பயமாக இருக்கிறது. (வயது 44)

முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி, காலுக்குச் செல்லும் நரம்பின் வேரை உறுத்தும்போது இப்படி வலிக்கும். சியாட்டிகா என்று குறிப்பிடப்படுவது இதுதான். பிதுங்கிய பகுதியை உடலே சிறிது சிறிதாகக் கரைத்துவிடுவதால், பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் அறுவை சிகிச்சை இல்லாமலே வலி வடிந்துவிடும். ஆயினும் மரத்துப்போதல் இருப்பதால், இந்த வாரத்திலேயே ஒருமுறை மருத்துவரிடம் காட்டிக் காலின் பலத்தையும் உணர்ச்சியையும் சோதித்துக்கொள்வது நல்லது.

வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். சுவரைப் பிடித்தபடி முதலில் குதிகால்களால் மட்டும், பிறகு முன்பாதங்களால் மட்டும் சில அடிகள் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பாதம் தொங்கினாலோ, குதிகால் தரையைத் தொட்டுவிட்டாலோ அந்த நரம்பின் வேலை குறைந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலி தீவிரமாக இருப்பதைவிட, வலி குறைந்து பலவீனம் கூடிவருவதே அதிகக் கவலைக்குரியது.

இதைவிட அவசரமான நிலை ஒன்று உண்டு. தண்டுவடம் கீழ்முதுகின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் கற்றையாகத் தொங்குகின்றன. சிறுநீர்ப்பை, மலக்குடல், பிறப்புறுப்பு ஆகியவற்றுக்கான நரம்புகளும் அந்தக் கற்றையில்தான் இருக்கின்றன. பெரிய வட்டுப் பிதுக்கம் அதை மொத்தமாக நசுக்கினால், உட்காரும்போது இருக்கையில் படும் பகுதியும் பிறப்புறுப்பைச் சுற்றிய தோலும் மரத்துப்போகும். சிறுநீர் முட்டினாலும் இறங்காது, அல்லது முட்டுவதே தெரியாமல் கசியும். மலத்தை அடக்க முடியாமல் போகும். இரண்டு கால்களிலும் வலியோ பலவீனமோ தோன்றும். இவற்றுள் ஒன்று புதிதாகத் தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல், எம்ஆர்ஐ வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு இரவே செல்ல வேண்டும். அழுத்தத்தை நீக்கும் அறுவை சிகிச்சை தாமதமானால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகக்கூடும். மருத்துவர் இவற்றைக் கேட்கும்போது கூச்சத்தால் "அப்படியெல்லாம் ஒன்றுமில்லை" என்று மழுப்பிவிடுவோர் நிறையப் பேர். அந்த ஒரு பதில் சிகிச்சையின் போக்கையே மாற்றிவிடும்.

கேள்வி: எட்டு மாதமாக இடுப்பு வலி. அதிகாலையில் வலியால் விழித்துக்கொள்கிறேன். எழுந்து நடமாடினால் குறைகிறது. விடுமுறையில் ஓய்வெடுத்தால் கூடுகிறது. வலி மாத்திரை போட்டால் வியக்கத்தக்க வகையில் நிற்கிறது. (வயது 27)

சாதாரண இடுப்பு வலி ஓய்வில் தணியும், உழைத்தால் கூடும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. நாற்பத்தைந்து வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, இரவின் பிற்பகுதியில் எழுப்பிவிடும் வலியும், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்பும் அழற்சி வகை முதுகுவலியைச் சுட்டுகின்றன. முதுகெலும்பின் மூட்டுகள் அழற்சியால் மெல்ல மெல்ல இறுகிப்போகும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற நோய் இந்த வகையைச் சேர்ந்தது. புட்டத்தில் இடமும் வலமும் மாறி மாறி வலித்ததா, கண் சிவந்து வலித்து வெளிச்சம் பார்க்கக் கூசியதா, தோலில் சொரியாசிஸ் இருக்கிறதா, நெருங்கிய உறவினருக்கு இந்நோய் உண்டா என்று யோசித்து வைத்துக்கொண்டு வாதநோய் சிறப்பு மருத்துவரைப் பாருங்கள். அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய விஷயமல்ல. ஆனால் தள்ளிப்போடவும் கூடாது. தொடக்க காலத்தில் எக்ஸ்ரே இயல்பாகவே இருக்கலாம் என்பதால், "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்ற சொல்லோடு பல ஆண்டுகளைக் கழித்துவிட்டு, முதுகு வளையாமல் போன பிறகு வருவோர் உண்டு.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 72. ஆஸ்துமாவுக்காக நெடுநாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். நேற்று கீழே கிடந்த துணியை எடுக்கக் குனிந்தபோது இடுப்பில் சுரீரென்று வலித்தது. விழவில்லை என்பதால் எலும்பு முறிந்திருக்காது அல்லவா?

விழாமலும் முறியும். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்குக் குனிவதும் இருமுவதும்கூட முதுகெலும்பு நசுங்கப் போதுமானவை. முதுமை, மாதவிடாய் நின்ற நிலை, நெடுநாள் ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் தங்கள் தாயாரிடம் சேர்ந்திருக்கின்றன. இன்றோ நாளையோ மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்துவதே ஆபத்தாக முடியும். முறிவு உறுதியானால், வலிக்கான சிகிச்சையோடு எலும்பைப் பலப்படுத்தும் மருந்தையும் கேட்டுப் பெறுங்கள். பல இடங்களில் விடுபட்டுப்போவது இந்த இரண்டாவது பகுதிதான்.

கேள்வி: பத்து நாள் வலிக்கே எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிடுவது பாதுகாப்பானது இல்லையா? (வயது 50)

ஆபத்தான அறிகுறி ஏதும் இல்லாதபோது தேவையில்லை. இடுப்பு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வின்படி, வலியில்லாத இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் வட்டுத் தேய்மானம் காணப்பட்டது. உங்கள் வயதில் ஸ்கேனில் தேய்மானம் தெரிவது பெரும்பாலும் வயதின் அடையாளம். இப்போதைய வலிக்கு அதுவே காரணம் என்று சொல்ல முடியாது. "தேய்மானம்", "ஜவ்வு விலகல்" என்ற சொற்களை அறிக்கையில் படித்தபின், குனியவே அஞ்சி வாழத் தொடங்குவோரை அடிக்கடி பார்க்கிறேன்.

கேள்வி: ஐந்து ஆண்டுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்தது. மூன்று வாரமாக முதுகின் ஒரே இடத்தில் மெல்லிய வலி. பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா? (வயது 58)

வேண்டும். முதல் பதிலில் சொன்ன ஆறு வாரக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. மார்பகம், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு, புராஸ்டேட் ஆகியவற்றின் புற்றுநோய்கள் முதுகெலும்புக்குப் பரவக்கூடியவை. சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் அது நேரலாம். இந்த வலி வெறும் தசைவலியாகவே இருக்கலாம். ஆனாலும் அதை உறுதிசெய்ய வேண்டியவர் உங்கள் புற்றுநோய் மருத்துவர். ஓரிரு நாளில் அவரைத் தொடர்புகொள்ளுங்கள். படுத்தால் வலி கூடினாலோ, கச்சை கட்டியதுபோல் மார்பையோ வயிற்றையோ சுற்றி இறுக்கினாலோ, கால்கள் தள்ளாடினாலோ அன்றைக்கே செல்லுங்கள்.

இதே முன்னெச்சரிக்கை தொற்று விஷயத்திலும் தேவை. சர்க்கரை நோயாளிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்குக் காய்ச்சலோடு முதுகுவலி வந்தால் அதே நாளில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதுகெலும்பில் காசநோய் தாக்கினால் கடும் காய்ச்சல் இருக்காது. மாலையில் லேசான காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை, எடைக் குறைவு என மாதக்கணக்கில் நகரும். காய்ச்சலே தெரியாமலும் இருக்கலாம்.

கேள்வி: சிறுநீரகக் கல் வலியையும் இடுப்பு வலியையும் எப்படிப் பிரித்தறிவது? (வயது 31)

கல் வலி பெரும்பாலும் விலா எலும்புக்குக் கீழே ஒரு பக்கமாகத் தொடங்கி, அலை அலையாக அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் இறங்கும். எந்த நிலையில் படுத்தாலும் அடங்காததால் நோயாளி புரண்டுகொண்டே இருப்பார். இடுப்புப் பிடிப்பு உள்ளவரோ அசையாமல் கிடந்தால் தப்பித்தோம் என்றிருப்பார். கல் வலியோடு குளிர் காய்ச்சலும் சேர்ந்தால் அது அவசர நிலை.

கேள்வி: ஏழு மாதக் கர்ப்பிணி நான். இடுப்பு வலி சகஜம் என்கிறார்கள். எதற்குப் பயப்பட வேண்டும்? (வயது 29)

கர்ப்பகாலத்தில் இடுப்பு வலி பெரும்பாலும் இயல்பானதே. ஆனால் வலி சீரான இடைவெளியில் வந்து வந்து போனாலோ, வயிறு இறுகித் தளர்ந்தாலோ, நீரோ இரத்தமோ கசிந்தாலோ அது குறைமாதப் பிரசவத்தின் தொடக்கமாக இருக்கலாம். உடனே பிரசவ மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும்.