நெட் இல்லாத நேரத்திலும் படிக்க: பக்கங்களைச் சேமிப்பது பற்றிய கேள்வி பதில்

ரங்கூன், பெகு, மோல்மீன், தட்டோன் என்று பர்மாவின் பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. கவலை எல்லோருக்கும் ஒன்றுதான். கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடுகிறது. 2021 மார்ச்சில் மொபைல் டேட்டாவே நின்றுபோனதை நாம் யாரும் மறக்கவில்லை. அதனால் கோப்பு நம் கையிலேயே இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

கேள்வி (பெகு, கோயில் தமிழ் வகுப்பு ஆசிரியை): தேவாரப் பக்கங்களை குரோமில் புக்மார்க் போட்டு வைத்திருக்கிறேன் தம்பி. வகுப்பில் நெட் போனதும் ஒன்றுமே திறக்கவில்லையே?

அக்கா, புக்மார்க் முகவரியை மட்டும்தான் வைத்துக்கொள்ளும். பக்கம் போனுக்குள் வராது. ஆண்ட்ராய்டு போன் என்றால், குரோமில் மூன்று புள்ளியைத் தொடுங்கள். மேல்வரிசையில் கீழ்நோக்கிய அம்புக்குறி இருக்கும், அதைத் தொட்டால் பக்கம் டவுன்லோட்ஸில் போய் உட்காரும். தொடுவதற்கு முன் பக்கத்தை அடிவரை தள்ளிப் பார்த்துவிடுங்கள். பல தளங்களில் நாம் அந்த இடத்துக்குப் போன பிறகுதான் படமே இறங்கும். சேமித்ததும் ஏரோப்ளேன் மோடு போட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். இதை வகுப்புக்கு முந்தின நாளே செய்யுங்கள்.

தேவாரத்துக்கு மதுரைத் திட்டத்தின் தளத்தைப் பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய முயற்சி, பழைய இலக்கியங்களை இலவசமாகவே தருகிறார்கள்.

கேள்வி (ரங்கூன், கல்லூரி மாணவர்): அண்ணே, எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி வைத்தால் போதாதா?

அச்செடுக்கப் போகிறீர்கள் என்றால் பிடிஎஃப் நல்லதுதான். படித்துத் தேடுவதற்கு, அதுவும் தமிழுக்கு, நான் பரிந்துரைக்க மாட்டேன். பல பிடிஎஃப்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே உள்ளே பதிந்திருக்கும். 'கோயில்' என்ற சொல்லில் இரட்டைக் கொம்பு முதலில், பிறகு க, பிறகு துணைக்கால் என்று இருக்கும். கணினிகளின் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் க முதலில் வர வேண்டும். அதனால்தான் 'கோயில்' என்று தேடினால் கிடைப்பதில்லை, வெட்டி ஒட்டினால் கொம்புகள் இடம் மாறி நிற்கின்றன. சின்னத் திரையில் வரிகள் மடங்கி வராததால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியிருக்கும், அது வேறு தொல்லை. வலைப்பக்கத்தை வலைப்பக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மோல்மீன், கடைக்காரர்): கம்ப்யூட்டரில் சேமித்த பக்கத்தை, நெட் இல்லாமலே கோப்பு அனுப்பும் ஜாப்யா ஆப்பில் மகனுக்கு அனுப்பினேன். படமெல்லாம் காணோம் என்கிறான்.

ஐயா, 'முழுப் பக்கம்' என்று சேமித்தால் ஒரு கோப்பும், கூடவே அதே பெயரில் ஒரு ஃபோல்டரும் உருவாகும். படங்கள் அந்த ஃபோல்டருக்குள் இருக்கின்றன. நீங்கள் கோப்பை மட்டும் அனுப்பியிருப்பீர்கள். குரோமில் கன்ட்ரோல் எஸ் அழுத்தி 'ஒற்றைக் கோப்பு' வகையைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் ஒன்றாகிவிடும். ஆனால் அந்த எம்ஹெச்டிஎம்எல் வகையை ஃபயர்பாக்ஸ் உலாவி நேரடியாகத் திறக்காது. என் விருப்பம் சிங்கிள்ஃபைல் என்ற நீட்சிதான், அதாவது உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு சின்னக் கருவி. படம், எழுத்துரு எல்லாவற்றையும் ஒரே சாதாரண ஹெச்டிஎம்எல் கோப்பில் அடக்கிவிடும், எந்த உலாவியிலும் திறக்கலாம். வீடியோவை மட்டும் நம்ப வேண்டாம், அதைத் தனியாகத்தான் இறக்க வேண்டும்.

கேள்வி (அதே மாணவர்): சில தமிழ்க் கோப்புகள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன, போனுக்குக் காப்பி ஆகமாட்டேன் என்கின்றன. ஆங்கிலப் பெயர் உள்ளவை போகின்றன.

பெயரின் நீளம்தான் காரணமாக இருக்கும். ஆண்ட்ராய்டின் உள்சேமிப்பில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் மூன்று பைட், 'கி' என்றால் க-வுக்கு மூன்று, கொக்கிக்கு மூன்று, ஆக ஆறு. ஏறக்குறைய 85 குறியிலேயே பெயர் நிரம்பிவிடும். விண்டோஸ் வேறு விதமாக எண்ணுவதால் அங்கே சிக்கல் தெரிவதில்லை. கட்டுரைத் தலைப்பை முழுதாக விடாமல் இரண்டு மூன்று சொல்லாகச் சுருக்கிப் பெயர் வையுங்கள்.

கேள்வி (தட்டோன்): பிறகு படிக்கலாம் என்று பாக்கெட் ஆப்பில் சேர்த்து வைத்த கட்டுரைகள் என்ன ஆகும்?

அந்தச் சேவையை அதை நடத்திய மோசில்லா நிறுவனம் 2025 ஜூலையில் மூடிவிட்டது. 2024 நவம்பரில் அதே மாதிரியான ஆம்னிவோர் சேவையும் இப்படித்தான் போனது. பிறர் சர்வரில் சேர்ப்பது வசதிதான், ஆனால் பிடித்த கட்டுரைக்கு உங்கள் மெமரி கார்டிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

கேள்வி (ரங்கூன், பள்ளி மாணவியின் தாய்): மகளுக்கு விக்கிப்பீடியா முழுவதும் கிடைக்குமா?

கிடைக்கும் அம்மா. கிவிக்ஸ் என்ற இலவச ஆப்பைப் போட்டு, அதில் தமிழ் விக்கிப்பீடியாவைத் தேர்ந்தெடுங்கள். இடம் குறைவென்றால் படமில்லாத பதிப்பு எடுங்கள். வைஃபை கிடைக்கும் இடத்தில் ஒருமுறை இறக்கினால் போதும், பிறகு சிம் கார்டே வேண்டாம்.

கேள்வி (பெகு): அம்மாவின் சர்க்கரை மருந்து பற்றிய பக்கங்களைச் சேமித்திருக்கிறேன். பழையதா புதியதா என்று எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி, பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சேமித்த பக்கம் அன்றோடு நின்றுவிடும். தளத்தில் திருத்தினாலும் உங்கள் பிரதி மாறாது. சிங்கிள்ஃபைல் மூல முகவரியையும் சேமித்த தேதியையும் கோப்பின் தலையில் எழுதிவைக்கும். மற்ற முறைகளில் சேமித்தால் கோப்பின் பெயரிலேயே தேதியைச் சேர்த்துவிடுங்கள். நெட் வரும்போது அதே முகவரிக்குப் போய் மறுபடி சேமித்துவிட்டு, பழையதை அழித்துவிடுங்கள். மருந்தின் அளவை மட்டும் எந்தப் பக்கத்தைப் பார்த்தும் மாற்றாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

கேள்வி (மோல்மீன்): ஐபோனில்?

சஃபாரியின் ரீடிங் லிஸ்ட்டில் சேருங்கள். செட்டிங்ஸில் (புதிய ஐஓஎஸ் என்றால் அதிலுள்ள ஆப்ஸ் பகுதியில்) சஃபாரிக்குள் போய், தானாக ஆஃப்லைனில் சேமிக்கும் ஸ்விட்சையும் போட்டுவிடுங்கள்.