முதல் பாகத்தைத் தாண்டலாமா?

அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையான கன்ட்ரியின் கதை சொல்லும் கென் பர்ன்ஸின் 'கன்ட்ரி மியூசிக்' ஆவணத் தொடர் 16 மணி நேரம் ஓடுகிறது, முதல் பாகம் இழுக்கிறது, நேரே பாடகர் ஜானி கேஷின் பகுதிக்குத் தாவலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாவாதீர்கள். 1927 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிரிஸ்டல் ஊரில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர் ஒலிப்பதிவு செய்தாரே, அந்தப் பகுதியையாவது பாருங்கள். கார்ட்டர் குடும்பம் என்ற இசைக்குழுவும் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலாகப் பதிவானது அங்கேதான், அதுவும் ஒரே வாரத்தில். வயிற்றில் பிள்ளையோடு வந்த மேபெல் கார்ட்டரின் கிட்டாரைக் கொஞ்சம் கவனியுங்கள்: கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மெட்டை வாசிக்க, மற்ற விரல் மெல்லிய கம்பிகளில் தாளத்துக்கு மீட்டும். அவர் மகள் ஜூன்தான் 1968இல் ஜானி கேஷைக் கைப்பிடித்தவர். ஆக, நீங்கள் தாண்டப் பார்ப்பது மாமியார் கதையை! அப்புறம், தொடர் 1990களின் நடுவிலேயே நின்றுவிடும். டெய்லர் ஸ்விஃப்டைத் தேடாதீர்கள்.